வழியில் அறுந்த கோப்பு



பதிவிறக்கிய கோப்பு திறக்க மறுத்தால், அனுப்பியவர்மீது பழிபோடுவது நம்மில் பலரது வழக்கம். பெரும்பாலும் குற்றம் அங்கில்லை. கோப்பு வரும் வழியில் அறுந்திருக்கும்.

பகாங்கில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றும் இளம் ஆசிரியை சென்ற மாதம் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவர் பதினொருவருக்குக் கேட்டல் பயிற்சி. ஒலிக்கோப்புகள் அடங்கிய 61 மெகாபைட் சிப் கோப்பை மூன்று முறை இறக்கியும் பயனில்லை. "சார், அவங்க அனுப்பினதே பழுது போல. நாளைக்கு வேற பாடம் நடத்திடுறேன்," என்றார். பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயிற்சி, இணைப்பு மெதுவானது என்ற ஒரே காரணத்தால் இப்பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்று கோப்புகளின் அளவையும் படிக்கச் சொன்னேன். ஒன்று 38 மெகாபைட்; இன்னொன்று 44; மூன்றாவது வெறும் 4 கிலோபைட்! பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. முதலிரண்டும் நடுவழியில் நின்றவை. சிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். வால் அறுந்தால், முன்பகுதி முழுதும் நலமாக இருந்தாலும் மென்பொருள் கைவிரித்துவிடும்.

மூன்றாவதை நோட்பேடில் திறக்கச் சொன்னேன். நல்ல சிப் கோப்பு 'பி', 'கே' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அவ்வடிவத்தை உருவாக்கிய பில் காட்சின் பெயரெழுத்துகள் அவை. இங்கோ 'எச்டிஎம்எல்' என்று தொடங்கியது. உள்நுழைவுக் காலம் முடிந்ததால், கடவுச்சொல் கேட்கும் வலைப்பக்கமே சிப் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது!

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உலாவியில் உண்டுதான். வழங்கியும் அதற்கு இடங்கொடுக்க வேண்டுமே, இங்குக் கொடுக்கவில்லை. அங்கு வேகம் நொடிக்கு 40 கிலோபைட். முழுக் கோப்புக்கு 26 நிமிடம், இடையறாமல் வேண்டும். ஆகவே அனுப்பியவரிடம் நானே பேசி, செவன்-சிப் மென்பொருளால் 5 மெகாபைட் துண்டுகளாக, மொத்தம் பதின்மூன்றாக, வெட்டி அனுப்பச் செய்தேன். ஒரு துண்டுக்கு இரண்டு நிமிடத்திற்குச் சற்றே கூடுதல். எட்டாவது மட்டும் அளவு குறைந்து வந்தது. அதை மட்டும் மறுபடி இறக்கினார். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து முதல் துண்டைத் திறந்தால் போதும், மற்றவை தாமே சேரும். 'சோதி' என்னும் கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பார்த்தார். பிழை இல்லை. மணி பதினொன்றரை.

அளவு சரியாக இருந்தும் ஐயம் தீரவில்லையா? அனுப்பியவரிடம் ஷா-256 எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விண்டோசில் 'சர்ட்யூட்டில்' கட்டளை உங்கள் பிரதிக்கும் அந்த 64 இலக்கத்தைக் கணக்கிட்டுத் தரும். ஓரிலக்கம் மாறினாலும் கோப்பு வேறுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் டிஸ்கி குறிமுறையில் தட்டச்சான பழைய கேள்வித்தாள்களை இன்று திறந்தால், புள்ளிவைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். கெட்டுவிட்டதென்று அவற்றை அழித்தவர்களை நான் அறிவேன். ஐயோ, வேண்டாம்! அவை நலமாகவே உள்ளன. குறிமுறை மாற்றியில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றினால் தமிழ் அப்படியே திரும்பி வரும்.