மூணு தூணா, நாலு தூணா?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷமாச்சு. பொண்ணு பிளஸ் டூ என்பதால் தங்கமணி சென்னையில். நான் லேக் மார்க்கெட் பக்கம் ஒண்டிக்கட்டை. பகல் பூரா பேங்கில் ஆணி பிடுங்கிட்டு ராத்திரி வந்தா, பேசக்கூட ஆள் கிடையாது. அப்படித்தான் முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு வாட்டர் கலர் டப்பா வாங்கினேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஸ்கூலில் டிராயிங்கில் நான்தான் ஃபர்ஸ்ட். முதல் கேமல் டப்பா, அண்ணன் தன் திருவிழாக் காசில் வாங்கிக் கொடுத்தது. பி.காம். சேர்ந்ததும் அது பரண் ஏறிடுச்சு. "படம் சோறு போடுமா?"ன்னு அப்பா கேட்டார். பேங்க்தான் போட்டது, பொய் சொல்லக்கூடாது.

மெரினா உழைப்பாளர் சிலையைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளி. ஓவியத்தில் அபனீந்திரநாத் தாகூரின் சிஷ்யர். 1929லேர்ந்து 1957 வரை மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கு அவர்தான் தலைமை. அவரை அங்கே அனுப்பின ஊருக்குப் பதிலா நான் வந்திருக்கேன். கணக்கு டேலி ஆகலை :)

முதல் படம் சாதா பேப்பரில். தண்ணி பட்டதும் அப்பளமா நெளிஞ்சது. அப்புறம் 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கினேன். இந்த ஊர் மழைக்காலத்தில் அது லேசில் காயாது. பொறுமையில்லாம அடுத்த கலரை வெச்சா எல்லாம் சேறு. பேங்கில் தப்பு எண்ட்ரி விழுந்தா ரிவர்ஸ் பண்ணிடலாம். இதில் அது நடக்காது. வெள்ளை வேணும்னா தாளோட வெள்ளையை முதல்லேயே விட்டு வைக்கணும். வெளிச்சம் எங்கேன்னு ஆரம்பத்திலேயே முடிவு பண்ணிடணும்.

போன மாசம் எங்க கும்பகோணம் வீட்டை வரைய உட்கார்ந்தேன். அப்பா போனப்புறம் அண்ணன்தான் அலைஞ்சு அதை வித்தான். பங்கு பிரிக்கும்போது, "கணக்கை எழுதிக் கொடு"ன்னு கேட்டுட்டேன். ஆபீசர் புத்தி. பைசா சுத்தமா எழுதிக் கொடுத்தான். அதோட பேச்சை நிறுத்திட்டான். மூணு வருஷமாச்சு. அம்மா அவன்கூடத்தான் இருக்காங்க. நான் அம்மா செல்லுக்கு மட்டும் பேசுவேன்.

திண்ணை வரைஞ்சப்போ கை நின்னுடுச்சு. தூண் மூணா நாலா? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எனக்கெங்கடா ஞாபகம்? இரு, அவன் இங்கதான் இருக்கான்."

வேணாம்னு சொல்றதுக்குள்ள போன் கை மாறிடுச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் சத்தமில்லை.

"நாலு," என்றான். "வலது கோடித் தூண்ல ஆணியால உன் பேரைக் கீறி வெச்சிருப்பே. அதுக்கு அப்பாகிட்ட அடி வாங்கினது நான்."

"அண்ணா..."

"எதுக்குக் கேக்கறே?"

"வரையறேன்."

"திண்ணை சிவப்பு, ஓரத்துல கறுப்பு பார்டர். மறந்துடாதே." வெச்சுட்டான்.

அவன் எழுதிக் கொடுத்த கணக்குத் தாள் இன்னும் என் ஃபைலில்தான் இருக்கு. அதுக்கு ரிவர்சல் எண்ட்ரி கிடையாது. மூணு தூண் முடிஞ்சாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை நாலாவது. அதில் என் பேரைக் கீறணுமா, அவன் பேரையான்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். காஞ்சதும் கும்பகோணத்துக்கு ஸ்பீட் போஸ்ட், அண்ணன் பேருக்கு.