பாதம் காட்டும் படம்

உடலைத் தலைமுதல் கால்வரை பத்து மண்டலங்களாக வகுத்தார் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு. அக்கொள்கையை விளக்கும் நூல் 1917இல் வெளிவந்தது. அந்நாட்டு யூனிஸ் இங்காம் அம்மையார் 1930களில் அதனைப் பாதத்திற்குப் பொருத்திப் படம் வகுத்தார். பெருவிரல் தலைக்கு உரியது. உள்வளைவு முதுகெலும்புக்கு உரியது.

இப்பாத அழுத்த முறையை நாடுவோர் காலணி களைந்து சாய்ந்திருப்பர். வல்லுநரின் கட்டைவிரல், கம்பளிப்புழு ஊர்வதுபோல் அடியடியாக நகர்ந்து அழுத்தும். கூச்சம் தோன்றாமல் அழுத்துவதே கைத்திறம்! சிற்சில இடங்கள் வலிக்கும். வலித்த இடத்திற்குரிய உறுப்பு நோயுற்றது என அஞ்சுதல் வேண்டா. அத்தொடர்பை ஆய்வுகள் நிறுவவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் களைப்பு நீங்கும்; சிலர் உறங்கியும் விடுவர். எதிர்பார்க்கத்தக்கது அவ்வளவே. காலில் குருதி உறைந்தவரும், நீரிழிவால் பாதம் உணர்விழந்தவரும் மருத்துவரைக் கேளாது அந்நாற்காலியில் அமர்தல் ஆகாது.