பம்புக்குக் கீழே ஒரு சொட்டு

பெற்றோல் மணக்கிறது என்று சொல்லிக் கொண்டுவரும் பழைய ஒஸ்டினின் பொனட்டைத் திறந்ததும், கூட நிற்கிற பையனின் கை ஸ்பேனருக்குத்தான் போகும். பம்பின் ஸ்குரூக்களை ஒரு சுற்று இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பான். அதை நான் விடுவதில்லை. இறுக்கினால் சில நேரம் கசிவு நின்றும் போகும். ஆனால் எங்கே கசிந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். கொஞ்ச நாளில் அதே வண்டி ரத்தோட்டைக்கு மேலே ஏதாவது ஒரு வளைவில் நிற்கும்.

மாத்தளைப் பக்கம் பழைய வண்டி என்றால் முதலில் மொரிஸ் மைனர்தான் ஞாபகத்துக்கு வரும். மைனரில் இருப்பது மின்சாரத்தில் ஓடும் எஸ்.யூ. பம்ப். 1951இல் வந்த ஒஸ்டின் ஏ30, அதற்குப் பிறகு வந்த ஏ35 இரண்டிலும் என்ஜினோடு சேர்ந்து ஓடும் ஏ.சி. பம்ப். என்ஜின் என்னவோ ஒரே குடும்பம்தான். மைனரில் பம்ப் இருக்க வேண்டிய இடத்தை ஒரு தகட்டால் மூடியிருப்பார்கள். ஒஸ்டினில் அந்த இடம் என்ஜினின் இடது பக்கம், எக்ஸோஸ்ட் மனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிறது. பெற்றோல் கசியக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கேம் ஷாஃப்டில் உள்ள மேடு பம்பின் நெம்பைத் தள்ளும். நெம்பு, டயப்ரம் என்ற ரப்பர் தகட்டைக் கீழே இழுக்க, டாங்கியிலிருந்து பெற்றோல் உள்ளே வரும். அதை மேலே தள்ளி காபரேட்டருக்கு அனுப்புவது ஸ்பிரிங். காபரேட்டர் நிரம்பி ஊசி வால்வு மூடினால் டயப்ரம் கீழேயே நின்றுகொள்ளும், நெம்பு சும்மா ஆடும். அதனால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அளவைப் பெரிதாகத் தாண்டாது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பெற்றோல் பீய்ச்சி அடிக்காது. விளிம்போடு ஊர்ந்து, சூட்டில் பாதி ஆவியாகி, மிச்சம் வேறெங்கோ ஒரு மூலையில் சொட்டும். ஈரமாக இருக்கும் இடத்தையே குற்றவாளி என்று பிடிப்பது அதனால்தான் பிழைக்கிறது.

நான் முதலில் பார்ப்பது பம்பை அல்ல, டிப்ஸ்டிக்கை. "தம்பி, ஸ்டார்ட் பண்ணாத. இழுத்து மணந்து பாரு" என்பேன். டயப்ரம் கிழிந்தால் பெற்றோல் வெளியே மட்டும் வராது, நெம்பு போகும் வழியாக சம்ப்புக்குள்ளும் இறங்கும். ஒயில் மட்டம் ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் தண்ணியாக வழுக்கும். "என் வண்டிக்கு ஒயில் குறையிறதே இல்ல" என்று சொந்தக்காரர் பெருமையாகச் சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும். அந்த ஒயிலோடு ஓடினால் பேரிங் தேயும். அதைவிட, கிராங்க் கேஸில் நிறைந்திருப்பது பெற்றோல் ஆவி.

அடுத்தது பெட்டரி வயரைக் கழற்றுவது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையிலும் குழியிலும் தங்கும். அதனால் குழிக்கு மேலே இந்த வேலை வேண்டாம், வயர் லாம்பும் வேண்டாம். பகல் வெளிச்சமே போதும். ஆறின என்ஜினில் பம்பை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுவேன். பிறகு பம்பின் அடியில் உள்ள சின்ன கை நெம்பை ஆட்டிப் பெற்றோலை ஏற்றுவேன். நெம்பு பிடிப்பில்லாமல் ஆடினால் கேம் மேடு அழுத்திக்கொண்டு நிற்கலாம். ஹாண்டில் போட்டு என்ஜினைச் சற்றுத் திருப்பினால் பிடிப்பு வந்துவிடும். இனிச் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான்.

வெள்ளைப் பவுடரில் கருத்த கோடு ஒன்று இறங்கும். கோடு தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும், முடியும் இடத்தை அல்ல. பைப் நட்டில் தொடங்கினால் பைப்பின் விரிந்த வாய் வெடித்திருக்கும். மேல் மூடியில் தொடங்கினால் கோர்க் வோஷர் சுருங்கியிருக்கும். இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் தொடங்கினால் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், அல்லது யாரோ பலமாக இறுக்கியே விளிம்பை வளைத்திருக்கலாம். இரண்டாவதுதான் நான் அதிகம் காண்பது. கீழ்ப் பாதியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து பெற்றோல் வந்தால் டயப்ரம் போய்விட்டது, ஒயில் வந்தால் கீழ் சீல் போய்விட்டது. அந்தத் துளை புழுதியும் கிறீஸும் சேர்ந்து அடைபட்டிருந்தால் பம்ப் வெளியே காய்ந்தே இருக்கும். வர வேண்டிய பெற்றோல் சம்ப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு கம்பியால் முதலில் அதைத் திறந்துவிட வேண்டும்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் அடித்த காலத்தில் பல பழைய வண்டிகள் வீட்டிலேயே நின்றன. பெற்றோலில் ஊறியே பழகிய டயப்ரம் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். அந்த நிலையில் வந்தவற்றுக்கு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பம்ப் கிட் தேட வேண்டியிருந்தது. பெட்டி பழசென்றால் உள்ளே இருக்கும் ரப்பரும் பழசுதான். மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வளைந்த விளிம்பைத் தட்டையான கண்ணாடியில் எமரித் தாள் வைத்துத் தேய்த்து நேராக்கிய பிறகு, ஸ்குரூக்களை விரலால் மட்டும் பூட்டி, நெம்பை முழுதாக அழுத்திப் பிடித்தபடி குறுக்கும் நெடுக்குமாக இறுக்க வேண்டும். அப்போதுதான் டயப்ரம் முழு ஓட்டத்துக்குத் தேவையான தளர்வோடு உட்காரும். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் விளிம்பில் இழுபடும். புது டயப்ரமும் அதே இடத்தில் கிழியும்.

இதற்குப் பதிலாக மின்சாரப் பம்ப் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று பலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் கிழிந்த பழைய பம்பை வழியிலேயே விட்டுவிட்டுப் போடுகிறார்கள். இக்னிஷன் போட்டதும் அந்தக் கிழிசல் வழியாக என்ஜின் ஓடாமலே சம்ப் நிரம்பும். பழையதைக் கழற்றித் தகடு போட்டு மூடாமல் இந்த மாற்றத்தை யாரும் செய்யக் கூடாது.

டயப்ரம் கிழிந்திருந்த வண்டிக்கு ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் நான் சாவியைக் கொடுப்பதில்லை. "பம்ப்தானே அண்ணே போச்சு, ஒயிலுக்கு ஏன் காசு?" என்று கேட்பவர் கையில் பழைய ஒயிலைக் கொஞ்சம் ஊற்றி, மணந்து பார்க்கச் சொல்வேன்.