தேவப்பிரயாகை: கங்கை பெயர் பெறும் ஊர்

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் செல்லும் மலைச்சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் போனால் தேவப்பிரயாகை. உத்தராகண்ட் மாநிலத்தின் டெஹ்ரி கர்வால் மாவட்டத்துச் சிற்றூர். சாலையோரம் நின்று கீழே பார்த்தாலே ஊர் முழுவதும் தெரிந்துவிடும். இருபுறமும் இரண்டு ஆறுகள், நடுவே நீண்டுவரும் மலைமுனை, அதன்மேல் படிப்படியாக அடுக்கிய வீடுகள், அவற்றுக்கு மேலே ரகுநாதர் கோயில்.

கோமுகத்தில், கங்கோத்ரி பனியாற்றின் வாயிலிருந்து புறப்பட்டு வருகிறாள் பாகீரதி. பத்ரிநாத்துக்கு அப்பால் சதோபந்த், பகீரத் கரக் பனியாறுகளில் பிறந்து வருகிறாள் அலக்நந்தா. ஊர்க்காரர்கள் பாகீரதியை மாமியார் என்பார்கள், அலக்நந்தாவை மருமகள் என்பார்கள். இரைச்சல் போட்டு வருகிறவள் மாமியாராம், அடங்கி வருகிறவள் மருமகளாம். இருவரும் கைகோத்த இடத்திலிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர்.

கோமுகமே கங்கையின் பிறப்பிடம் என்பது மரபு. ஆனால் இங்கே கூடுதல் தண்ணீரோடு வருகிறவள் அலக்நந்தா. அவள் வரும் வழியிலேயே விஷ்ணுப்பிரயாகையில் தௌலிகங்கை, நந்தப்பிரயாகையில் நந்தாகினி, கர்ணப்பிரயாகையில் பிண்டர், ருத்ரப்பிரயாகையில் மந்தாகினி என நான்கு ஆறுகளைச் சேர்த்துக்கொண்டுவிடுகிறாள். ஆறுகள் கூடும் இடமே பிரயாகை; ஐந்தாவது பிரயாகை இந்த ஊர். கங்கைக்குத் தாய் ஒருத்தி இல்லை, பலர் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

சங்கமத்துக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. கடைசிப் படியில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதை இறுகப் பிடித்துக்கொண்டுதான் முழுக்குப் போடவேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே இழுப்பு அப்படி. மழைக்காலத்தில் அலக்நந்தா செம்மண் கரைத்து வர, பாகீரதி பச்சையாக வருவாள். இரண்டு நிறமும் கோடு கிழித்ததுபோல் சற்றுத் தூரம் ஒட்டி ஓடி, பிறகு கலந்துவிடும்.

இந்த ஊர் தமிழுக்கும் சொந்தம். 108 திவ்யதேசங்களில் ஒன்றான 'கண்டம் என்னும் கடிநகர்' இதுவே. பெரியாழ்வார் தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இத்தலத்துக்குக் கொடுத்திருக்கிறார். பத்ரிநாத் பண்டாக்கள், அதாவது யாத்திரிகர்களுக்கான புரோகிதர்கள், பலருக்கும் சொந்த ஊர் இதுதான். பத்ரியில் நடை சாத்தும் பனிக்காலத்தில் இங்கே இறங்கிவிடுவார்கள். வந்துபோன யாத்திரிகர்களின் வம்ச விவரங்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த பேரேடுகள் அவர்களிடம் உண்டு.

இங்கிருந்து கங்கை ரிஷிகேஷ், ஹரித்வார் வழியே சமவெளிக்கு இறங்குகிறாள். பிரயாக்ராஜில் யமுனையைச் சேர்த்துக்கொண்டு, காசி, பாட்னா கடந்து வங்கக்கடலை அடைகிறாள். கோமுகத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,525 கிலோமீட்டர்.

இன்று இரண்டு ஆறுகளுமே அணை தாண்டித்தான் இந்தப் படித்துறைக்கு வருகின்றன. பாகீரதியை மறித்து நிற்கும் டெஹ்ரி அணையின் உயரம் 260.5 மீட்டர். அலக்நந்தாவைக் கர்வால் ஸ்ரீநகரின் மின்திட்ட அணை மறிக்கிறது. அங்கே மதகு திறந்தால் இங்கே படிகள் முழுகும். மேலே கங்கோத்ரி பனியாறோ ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. காசியில் கங்கை நன்றாக ஓடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள், இந்த மலையோடைகளுக்காகவும் கவலைப்படவேண்டும்.

பத்ரிநாத் போகிறவர்கள் பலர் வண்டியிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரமாவது இறங்குங்கள். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்ல காலம். முனையின் கடைசிப் படியில் உட்கார்ந்தால் இடக்கை நனைவது ஓர் ஆற்றில், வலக்கை நனைவது இன்னோர் ஆற்றில். இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளிப் பாருங்கள், அதுதான் கங்கை.