கலைச்சொற் பட்டியலின் மூன்றாம் நிரல்

ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியில் ஈடுபடும் நம் மாணவர் பலரின் கொப்பிகளிற் கலைச்சொற் பட்டியலொன்று இருக்கக் காண்கின்றேன். சிமிலி என்றால் உவமை. மெற்றபர் என்றால் உருவகம். மெற்றோனிமி, சினெக்டொக்கி ஆகிய இரண்டும் ஆகுபெயர். இரு நிரல்களும் நேராகப் பொருந்திவிட்டாற் கற்கவேண்டியது முடிந்துவிட்டது என்ற நிறைவு அவர்களுக்கு ஏற்படுகின்றது. பட்டியல் பிழையானதன்று. ஆயினும், அது முடியுமிடத்திலேயே படிப்புத் தொடங்குகின்றது என்பது என் எண்ணம்.

சினெக்டொக்கியையே எடுத்துக்கொள்வோம். உறுப்பின் பெயரால் முழுமையையும், முழுமையின் பெயரால் உறுப்பையும் சுட்டுவது இதன்பாற்படும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமில் பேச்சுக்கலை கற்பித்த குயின்ரிலியன், பேச்சாளனுக்குரிய அணிகளுள் ஒன்றாக இதனை விளக்கினார். நம் முன்னோரோ ஆகுபெயரை அணியாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் அதனைச் சொல்லதிகாரத்திலே பேசுகின்றன. தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் அதற்கு இடமில்லை. 'தலைக்கு 100 ரூபா' என்பவர் அணிநயம்படப் பேசுவதாக நாம் கருதுவதில்லை. அங்கே கேட்போரைக் கவரும் உத்தியாக நின்றது, இங்கே மொழியின் இயல்பாக அமைந்தது.

இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. ஆங்கிலத்தில் தொழிலாளரை 'ஹாண்ட்ஸ்', அதாவது கைகள், என்று குறிப்பதுண்டு. சினையாகுபெயர் என எழுதி அப்பாற் செல்லும் மாணவர், அது வழக்கிற் கரைந்த சொல் என்பதை அறிவார். குயின்ரிலியன் வழி நிற்பவரோ, வேறு உறுப்புக்களை விடுத்துக் கையைத் தெரிந்தது ஏன் என்று வினவுவார். உழைக்கும் உறுப்பே பெயராகும்போது, பசிக்கும் வயிறும் உரிமை கேட்கும் வாயும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. சாள்ஸ் டிக்கன்ஸ் 1854இல் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், ஆலைத் தொழிலாளர் இப்பெயராற் சுட்டப்படுவதை எள்ளலோடு காட்டியதும் இதனாலேயே. வழக்கிற் கரைந்தமையால் அச்சொல் செய்யும் வேலை பலர் கண்ணுக்குத் தப்பியது என்பதை நன்னூலார் நோக்கின்றி நாம் உணர்தல் அரிது.

எனவே, பட்டியலில் மூன்றாம் நிரலொன்றை வரைந்து, அவ்வணி அவ்விடத்தில் எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என எழுதுமாறு மாணவரைக் கேட்டுவருகின்றேன். இரு நிரல்களை விரைவில் நிரப்புவோர் மூன்றாவதில் நெடுநேரம் தயங்குகின்றனர். அத்தயக்கத்தின் பின்னர் அவர்கள் எழுதும் ஆங்கில வாக்கியங்களிற் பொறுப்புணர்வு கூடியிருக்கக் காண்கின்றேன்.