முட்டத்தில் கவிழ்த்த தக்காளிப் பெட்டி

பாவூர்சத்திரம் சந்தையில் பெட்டியை இறக்கிவிட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனவன், மறுநாள் முட்டம் பார்க்கக் கிளம்பினேன். கலங்கரை விளக்கம், பாரதிராஜா படங்களில் பார்த்த பாறைகள், உப்புக் காற்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. மனதில் நின்றது என்னவோ ஊருக்குள் இருந்த ஒரு காய்கறிக் கடை.

கடைக்கார அக்கா தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் பழம் பிரித்துக்கொண்டிருந்தார். அடிப் பழமெல்லாம் நசுங்கி, சாறு ஒழுகி, பக்கத்துப் பழத்தையும் கெடுத்திருந்தது. "இது எங்க பக்கத்துக் காய்தான்க்கா" என்றேன்.

"அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க தம்பி. இந்தக் கழிவையும் கணக்குல வச்சுத்தான் நான் வெல கேப்பேன். எனக்குத் தாற வியாபாரியும் உங்ககிட்ட அப்படித்தான் கேப்பாரு."

அழுகுவது முட்டத்தில், பணம் போவது என் மடியிலிருந்து! லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப் பின்சார் ஆய்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி, பறிப்பதில் தொடங்கிக் கடை வரைக்கும் 100 கிலோ தக்காளியில் சுமார் 12 கிலோ வீணாகிறது.

குனிந்து பார்த்தேன். பல பழங்களில் ஓட்டை. காம்போடு பறித்ததால் பக்கத்துக் காம்பு குத்தியது. விளிம்புக்கு மேல் கும்பாரமாக நிரப்பி, அதன்மேல் இன்னொரு பெட்டி ஏற்றினால் அடிப் பழம் என்ன செய்யும்? எல்லாம் நான் செய்கிற வேலைதான்.

துறைமுகத்தில் மீன் இறங்கிய கையோடு ஐஸ் போடுகிறார்கள். நாமோ பறித்த பழத்தை வரப்பில் வெயிலில் குவித்துவிட்டு, வண்டி வரும்வரை பீடி பிடிக்கிறோம். அதற்காகத் தக்காளிக்கும் ஐஸ் வைத்துவிடாதீர்கள். 12, 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் செங்காய் சரியாக நிறம் ஏறாது; வெளியே எடுத்ததும் புள்ளி விழுந்து அழுகும். வேப்பமரத்து நிழலோ ஓலைப் பந்தலோ போதும்.

ஊர் திரும்பியதிலிருந்து பனி ஈரம் காய்ந்த பிறகே பறிக்கிறோம். வெளியூர்ச் சந்தைக்கு, நுனியில் லேசாகச் சிவப்பு தட்டிய காய்தான். காம்பைக் கிள்ளிவிடுகிறோம். வெடித்த பழம் உள்ளூருக்கு. பெட்டியில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துகிறோம்.

இதில்தான் வம்பு. அப்படி நிரப்பினால் பெட்டிக்கு 13 கிலோதான் பிடிக்கிறது. கமிஷன் கடையில் 14 கிலோ இருந்தால்தான் பெட்டி என்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. உங்கள் பக்கம் பெட்டிக்கு எத்தனை கிலோ வைக்கிறீர்கள்? எழுதுங்கள்.