நைனா கேட்ட இரண்டு நாள்

2024 மார்ச் இரண்டாவது வாரத்தில் நைனா போன் செய்தது. "மாருல இன்னாமோ அடைக்கிற மாரி இருக்குது பாப்பா. ரெண்டு நாளு வந்து இருந்துட்டுப் போயேன்."

"மார்ச் குளோசிங் நைனா. ஒண்ணாந்தேதிக்கு மேல வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்" என்றேன்.

"சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டது.

28ஆம் தேதி சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். அப்போதும் நான் ஆபீஸ் மேசையில்தான் இருந்தேன். திண்டிவனம் பக்கத்து எங்கள் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது நைனாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

இதை எழுத எனக்கு இத்தனை நாளானது. அழுகையைச் சொல்வதற்காக எழுதவில்லை. அந்த இரண்டு நாளை என்னிடமிருந்து பிடுங்கியது யார் என்று யோசித்ததால் எழுதுகிறேன்.

எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டில் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அதிகாரியானேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. 1972 சட்டத்தால் பொதுக் காப்பீடு அரசுடைமையானது. அதனால்தான் படியாள் மகளுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. 1999 சட்டத்துக்குப் பிறகு வந்த தனியார் கம்பெனிகளில் இட ஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது.

எனக்குக் கொடுத்தது மோட்டார் விபத்து வழக்குப் பிரிவு. லாரி மோதிச் செத்தவர், பஸ்சில் காலிழந்தவர் குடும்பங்கள் தீர்ப்பாயத்தில் போடும் வழக்குகளின் ஃபைல்கள் என் மேசைக்கு வரும். வக்கீலுக்குக் குறிப்பு எழுத வேண்டும், சமரசமா அப்பீலா என்று பரிந்துரைக்க வேண்டும், லோக் அதாலத் வந்தால் கட்டுக்கட்டாகப் படித்துத் தயார் செய்ய வேண்டும். நான் சேர்ந்தபோது பிரிவில் 9 பேர் இருந்தோம். ஓய்வு பெற்றவர்கள் இடத்தில் ஆள் போடவில்லை. 4 பேர் ஆனோம். ஃபைல்கள் மட்டும் குறையவில்லை.

எல்லோருக்கும்தானே வேலைச்சுமை, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். சொல்கிறேன்.

சேர்ந்த முதல் வருஷம் மேலதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "நல்லா வேலை செய்றீங்கம்மா. உங்க ஆளுங்க மாதிரி இல்ல." எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கக்கேடு, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அன்றிலிருந்து நான் 'அந்த மாதிரி இல்லை' என்று காட்டுவதே என் வேலையாகிப் போனது. காலையில் முதலில் வருவேன். ராத்திரி கடைசியாகப் போவேன். பக்கத்து மேசைக்காரர் வீட்டில் விசேஷம் என்றால் அவர் ஃபைலும் என்னிடம் வரும். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அவர் சொன்னால் அது அவருடைய அசௌகரியம். நான் சொன்னால் 'கோட்டா ஆளுங்களே இப்படித்தான்' என்று என் சனம் முழுவதுக்கும் பேர் வரும். சம்பளம் ஒரு ஆளுக்கு, உழைப்பு ஒரு சனத்தின் மானத்துக்கு. இந்த ஓவர்டைமை எந்த ரிஜிஸ்டரிலும் எழுதுவதில்லை.

ஒருமுறை எங்களுக்கு 'ஒர்க் லைஃப் பேலன்ஸ்' பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். நாலு மணிக்கு எழுந்தால் நமக்கென்று நேரம் கிடைக்கும் என்றார் பேச வந்தவர். எங்கம்மா ஆயுசு முழுக்க நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. எழுந்து நாற்றுப் பறிக்கப் போனது. தனக்கென்று ஒரு மணி நேரம் அதுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

நைனா கதை இன்னும் மோசம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது அதுக்குப் பத்து வயசு. சட்டம் வந்த பிறகும் ஏழு வருஷம் ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டாயில்தான் படுக்கை. தன் அம்மா செத்த அன்றைக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் சுடுகாட்டுக்கு வந்ததாம். "ஆண்ட வுடல பாப்பா" என்று சொல்லும். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. எனக்கு லீவு இருந்தது. கேட்கத்தான் பயந்தேன். நைனாவுக்கு ஆண்டை வெளியில் இருந்தான். எனக்கு அவன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

இயக்கத்தில் இருக்கிறவள்தான் நான். அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த 1946 தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்தது என்று மேடை மேடையாகப் பேசியவள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்துக் கோஷம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார்கள். ஆனால் கோஷம் போட்ட அன்றைக்கே ஆபீசுக்குத் திரும்பி ராத்திரி ஒன்பதரை வரை ஃபைல் பார்த்தேன். இந்த முரண்பாட்டை என் தோழர்களிடம்கூட நான் சொன்னதில்லை.

நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராத்திரி என் மனசு ஒரு காரியம் செய்தது. கணக்குப் போட்டது. வயசு 58. உச்ச நீதிமன்றத்தின் 2009 தீர்ப்பு அட்டவணைப்படி பெருக்க வேண்டிய எண் 9. கூலி மாசம் 12,000 என்று வைத்தால், எதிர்கால உயர்வு 10 சதம் சேர்த்து 13,200. சொந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு போக 8,800. வருஷத்துக்கு 1,05,600. ஒன்பதால் பெருக்கினால் 9,50,400. நைனா விபத்தில் சாகவில்லை, யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனாலும் போட்டேன். அந்த 12,000-த்தையும் எங்கள் தரப்பு ஒத்துக்கொள்ளாதே, கூலிக்காரனுக்கு ரசீது ஏது என்று எதிர்வாதம்கூட மனசுக்குள் ஓடியது. அப்போதுதான் என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

இழப்பீட்டில் உறவை இழந்ததற்கென்று ஒரு தலைப்பு உண்டு. 2017 தீர்ப்பு அதற்கு 40,000 என்று வைத்தது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் அது உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்த பிறகு இழந்த அருகாமைக்குத் தலைப்பு இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே பறிபோன அருகாமைக்கு எந்தத் தலைப்பில் கேட்பது?

காரியம் முடிந்து போன முதல் நாளே, எனக்கு ஒதுக்காத ஃபைல்களை எழுத்துமூலம் திருப்பிக் கொடுத்தேன். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டு ஒரு மனுவும் கொடுத்தேன். ஆறு மணிக்குப் பையை எடுத்தேன். ஒரு மாசத்தில் பேச்சு மாறியது. "நீங்களும் அப்படித்தானாம்மா?" என்றார் ஒருத்தர். "ஆமா சார், எங்க ஆளுங்க மாதிரிதான்" என்றேன். அவருக்குப் பதில் வரவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. என் மேசையில் தேங்கும் ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னாலும் ஒரு கைம்பெண் காத்திருக்கிறாள். பாதிப்பேர் நம்ம சனம். அவர்களை நினைத்துத்தான் அத்தனை ராத்திரி உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நல்ல பேருக்காக. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்ததால் அவர்கள் ஃபைல் வேகமாக நகர்ந்துவிடவில்லை. 9 பேர் வேலை 4 பேரை வைத்தே நடக்கிறது என்று நிர்வாகம் ஆள் போடாமல் இருந்ததுதான் மிச்சம். அந்தப் பெண்களுக்கு வேண்டியது களைத்துப்போன என் கண் இல்லை. காலியாய்க் கிடக்கும் அந்த 5 நாற்காலிகளில் ஆள்.

அரசு வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள். ஆனால் அவர்கள் வைத்த பேரை மாற்றுவதற்காக ஒரு மணி நேரம்கூட அதிகம் உழைக்காதீர்கள். அது நாம் பட்ட கடன் இல்லை.

இப்போது மாசத்தில் இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன். போன தடவை அம்மா கேட்டது: "இன்னிக்கி ஆபீசு இல்லியா?"

"இருக்குதும்மா. நான்தான் லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

"நைனா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பை மூட்டப் போனது.